767-க்கு அப்பால்

பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக் கரையில் இன்று நிற்பவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள். கரைப் பேச்சில் 'ஃபைபர்'. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து இறங்கிய படகுகளோடு கட்டுமரத்தின் காலம் இந்தக் கடற்கரையில் ஏறக்குறைய முடிந்துபோனது. கட்டுமரத்தைக் கிட்ட இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கடலில் இருக்கும்போதுதான் படகு. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போட்டுவிடுவார்கள். மறுபடி போகும்போது என்ன தொழில், எத்தனை ஆள், என்ன வலை என்று பார்த்து அதற்கேற்ற மரங்களைச் சேர்த்துக் கட்டுவார்கள். ஃபைபர் அப்படியில்லை, அச்சில் வார்த்து வருவது. அதன் வயிறு எவ்வளவு அகலம், அணியம் எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அச்சு வைத்திருப்பவர் முன்பே தீர்மானித்தவை. எஞ்சின் மாட்டிக்கொள்ளலாம், சீக்கிரம் போய்த் திரும்பலாம், அதிகம் நனையாமல் உட்காரலாம். பழைய கட்டுமரத்துக்கே திரும்பலாம் என்று யாரும் கேட்கப் போவதில்லை.

கணினிக்குள்ளும் இதே இரண்டு வகை உண்டு. உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்கள் அச்சில் வார்த்து வருபவை. மூல நிரல் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. ஆனால் நம் கைக்கு வருவது வேறு யாரோ தம் கணினியில் கம்பைல் செய்து பொட்டலம் கட்டி அனுப்பிய கோப்பு. எந்த வசதி உள்ளே இருக்கும், எவ்வளவு பழைய செயலி வரைக்கும் ஓடும், எந்த மொழி தெரியும் என்பதில் பெரும்பகுதி அந்தக் கம்பைலின்போதே முடிவாகிவிடுகிறது. இன்னொரு வகை வழங்கல்கள் மூல நிரலையும் கட்டும் செய்முறையையும் மட்டும் தருகின்றன. கட்டுவது நம் வேலை, ஆகவே முடிவும் நம்முடையது. அப்படிக் கட்டும்போது கொடுக்கும் ஆப்ஷன்களால் என்ன பயன் என்ற விவாதம் இருபது வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. அது பெரும்பாலும் வேகத்தையே சுற்றி வந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழில் எழுதிப் படிக்கும் ஒருவருக்கு இந்த ஆப்ஷன்களின் கனம் வேறோரிடத்தில் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் கொஞ்சம் சுற்ற வேண்டும்.

1993-இல் தொடங்கிய ஃப்ரீபிஎஸ்டி இந்த வழிக்கு மூத்தது. அடுத்த வருடமே ஜோர்டன் ஹப்பார்ட் அதற்கு 'போர்ட்ஸ்' என்ற அமைப்பைச் சேர்த்தார். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு அடைவு, அதற்குள் எங்கிருந்து மூலத்தை இறக்குவது, எப்படிக் கட்டுவது என்ற குறிப்பு. 'மேக் கான்ஃபிக்' என்று தட்டினால் நீலத் திரையில் சதுரக் கட்டங்கள் வரிசையாக வரும். வேண்டியதில் குறியிட்டுக்கொள்ள வேண்டியதுதான். இயங்குதளத்தின் அடித்தளத்தையே திரும்பக் கட்டலாம். அதற்கான கோப்பில் 'வித்தவுட்' என்று தொடங்கும் வரிகளாக எழுதிவைத்தால் புளூடூத் வேண்டாம், மொழித் தகவல்கள் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம். 1999-இல் ஜெரார்ட் பீக்மன்ஸ் 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' என்ற நூலைத் தொடங்கினார். அது வழங்கல்கூட இல்லை. ஒரு லினக்ஸை முதல் கல்லிலிருந்து கையால் எழுப்பும் பாடப் புத்தகம். டேனியல் ராபின்ஸ் 'ஈனாக்' என்ற பெயரில் செய்துவந்த வழங்கல் ஜென்டூவாகப் பெயர் மாறி, 2002 மார்ச் 31-இல் அதன் 1.0 பதிப்பு வந்தது. ஃப்ரீபிஎஸ்டியின் போர்ட்ஸைப் பார்த்து அவர் செய்த 'போர்ட்டேஜ்'தான் இன்றுவரை அதன் உயிர்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜென்டூ என்பது வேகமாக நீந்தும் ஒரு பென்குயின் இனம், ராபின்ஸ் வைத்த பெயர் அதிலிருந்து வந்தது. சென்னைக்காரருக்கு அந்தச் சொல் இன்னும் பழைய சொந்தம். கும்பெனிக் காலத்து மதராஸில் வெள்ளைக்காரர்கள் தெலுங்கரையும் தெலுங்கையும் 'ஜென்டூ' என்றும், தமிழை 'மலபார்' என்றும் எழுதினார்கள். புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக்காக ஏ. டி. காம்ப்பெல் 1816-இல் இங்கே அச்சிட்ட தெலுங்கு இலக்கணத்தின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது. ஒரு மொழிக்கு வெளியிலிருந்து வந்தவர் வைத்த பெயர் அது. கட்டுரை போகப்போக இந்த விஷயம் வேறு உருவில் திரும்பவும் வரும்.

ஜென்டூவில் எல்லாம் ஒரு சின்ன எழுத்துக் கோப்பிலிருந்து நடக்கிறது. 'மேக்.கான்ஃப்' என்பார்கள். கம்பைலருக்கு என்ன கட்டளை, ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓடலாம், எந்தக் கிராஃபிக்ஸ் கார்டு, எந்த மொழிகள் என்று சில வரிகள். அவற்றுள் முக்கியமானது 'யூஸ்' வரி. அதில் புளூடூத் என்று எழுதினால், புளூடூத் தெரிந்த எல்லா மென்பொருளும் அந்த வசதியோடு கட்டப்படும். முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் அந்த வசதியும் அதற்குத் துணையாக வரும் லைப்ரரிகளும் வெளியே. ஒரே ஒரு மென்பொருளுக்கு மட்டும் விலக்கு வேண்டுமென்றால் அதற்கு வேறு கோப்பு இருக்கிறது.

சொல்லும்போது எளிது. செய்யும்போது அந்த வரியில் ஒரு சொல்லை, அதாவது ஒரு ஃப்ளாக்கை, மாற்றினால் நாற்பது பொதிகள் மறுபடி கட்டச்சொல்லி வரிசையில் நிற்கும். 'அதை எடுத்தால் இது வராது, இதைச் சேர்த்தால் அது ஒத்துக்கொள்ளாது' என்று சிவப்பு எழுத்தில் சண்டை வரும். கூட்டுக் குடும்பத்தில் சொத்துப் பிரிக்கிற மாதிரிதான். யார் யாரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது பிரிக்கும்போதுதான் தெரியவரும்.

லினக்ஸ் கெர்னலுக்குத் தனி உலகம். 2002-இல் ரோமன் ஸிப்பெல் எழுதிய கேகான்ஃபிக் முறைதான் இன்றும் அங்கே ஆட்சி. ஒவ்வொரு கேள்விக்கும் 'ஒய்' என்றால் உள்ளேயே, 'எம்' என்றால் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் மாட்யூலாக, 'என்' என்றால் வேண்டாம். கேள்விகள் 10,000-க்கும் மேல். எல்லாவற்றுக்கும் ஒருவர் உட்கார்ந்து பதில் சொல்லப் போவதில்லை என்பது தெரிந்துதான் ஸ்டீவன் ராஸ்டெட் 2009-இல் ஒரு வழி செய்தார். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கணினி எந்தெந்த மாட்யூலைப் பயன்படுத்துகிறது என்று பார்த்து மற்றதையெல்லாம் அணைத்துவிடும் கட்டளை அது. நல்ல வசதி. அன்றைக்குப் பென் டிரைவைச் செருகாமல் அதை ஓட்டிவிட்டு, பிறகு செருகிப் பார்த்துத் திகைத்தவர்களில் நானும் ஒருவன்.

இனி வேகம். ஜென்டூ பிரபலமான காலத்தில் அதன் கவர்ச்சியே இதுதான்: உன் செயலிக்கென்றே தைத்த சட்டை. கம்பைலருக்கு '-ஓ3' என்றும் '-ஃபன்ரோல்-லூப்ஸ்' என்றும் கட்டளைகளை வாரி வாரிக் கொடுத்தார்கள். 'ஃபன்ரோல்-லூப்ஸ்' என்ற பெயரிலேயே ஜென்டூக்காரர்களைக் கேலி செய்யும் தளம் வந்தது. காரின் பின்னால் பெரிய இறக்கையை ஒட்டிவிட்டால் ஓட்டம் கூடிவிடும் என்று நம்பும் பையன்களோடு ஒப்பிட்டார்கள். கேலியில் நியாயம் இருந்தது. வட்டும் நெட்டும் நம்மைக் காத்திருக்க வைக்கும் அன்றாட வேலைகளில் இந்தக் கட்டளைகள் கொடுக்கும் லாபம் கண்ணுக்குத் தெரியாது. வீடியோ மாற்றுவது, படங்களைச் சுருக்குவது, பெரிய கணக்குகள் போன்ற வேலைகளில் கொஞ்சம் தெரியும். அங்கேயும் எழுதியவர்கள் பெரும்பாலும் செயலியைப் பார்த்துத் தக்க பாதையை ஓடும்போதே தேர்ந்துகொள்ளும்படி செய்திருப்பார்கள். '-ஃபாஸ்ட்-மேத்' போன்ற சில கட்டளைகள் வேகத்துக்காகக் கணக்கின் விடையையே லேசாக மாற்றக்கூடியவை. ஜென்டூவின் சொந்தக் கையேடே '-ஓ2'-வோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது.

இந்த லாபத்துக்காக என்ன கொடுத்தோம் என்று பார்த்தால் சிரிப்பு வரும். 2012 கோடையில் சென்னைக்குத் தினமும் 2 மணி நேர மின்வெட்டு. மற்ற மாவட்டங்கள் பட்ட பாட்டுக்கு இது ஒன்றுமே இல்லைதான். ஃபோர்ஷோர் எஸ்டேட்டில் எங்கள் வீட்டு யு.பி.எஸ். இருபது நிமிடம் தாங்கும். ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆபிஸ் போன்ற பெரிய உருப்படிகளைக் கரண்ட் வந்த கையோடு தொடங்கினால்தான் அடுத்த வெட்டுக்குள் முடியும் என்று கணக்குப் போட்டுத் தொடங்குவேன். கணக்கு தப்பும். 'ரெஸ்யூம்' என்று கட்டளை கொடுத்தால் பட்டியலில் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கும், ஆனால் பாதியில் நின்ற பொதி முதலிலிருந்துதான். பிறகுதான் பாதி வேலையை அழிக்காமல் வைத்திருக்கும் அமைப்பும், ஏற்கெனவே கம்பைல் ஆன துண்டுகளைச் சேமிக்கும் 'சிகேஷ்'ஷும் தெரியவந்தன. மே மாதத்தில் செயலியின் விசிறி போடும் சத்தத்தைக் கேட்டு எதிர்வீட்டு அக்கா ஒருநாள் கேட்டார்: "என்னப்பா, உன் ரூம்ல எந்நேரமும் மிக்ஸி ஓடுது, மாவு யாவாரமா?" உப்புக் காற்றில் கேபினட்டின் திருகுகள் துருவேறி, விசிறியைக் கழற்றித் துடைக்கவும் முடியாமல் போனது தனிக் கதை.

வேகத்தைப் பற்றிய பேச்சில் உருப்படியான ஒரு பகுதி இருக்கிறது. அது மேலே போவதைப் பற்றியது இல்லை, கீழ் எல்லையைப் பற்றியது. '-மார்ச்' என்ற ஆப்ஷன் எந்தச் செயலிக்காகக் கட்டுகிறோம் என்று கம்பைலருக்குச் சொல்கிறது. 'நேட்டிவ்' என்றால் இந்தக் கணினியேதான். அப்படிக் கட்டியதைப் பழைய கணினிக்குத் தூக்கிக்கொண்டு போனால், தெரியாத கட்டளை என்று சொல்லி நிரல் அந்த இடத்திலேயே விழும். பொதி கட்டி அனுப்புபவர்களும் இதே எல்லையைத் தீர்மானிக்கிறார்கள், கோடிக்கணக்கானவர்களுக்காக. 2020-இல் 64 பிட் இன்டெல் வகைச் செயலிகளுக்கு வி1 முதல் வி4 வரை படிகள் வகுக்கப்பட்டன. ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸின் 9-ஆம் பதிப்பு வி2-க்குக் கீழே உள்ளவற்றைக் கைவிட்டது, 2025-இல் வந்த 10-ஆம் பதிப்பு வி3-க்குக் கீழே உள்ளவற்றையும். வி3 என்பது இன்டெல் 2013-இல் கொண்டுவந்த ஹாஸ்வெல்லோடு தொடங்குவது. ரிச்சி தெருவில் கைமாறும் பழைய மடிக்கணினிகளில் அதற்கு முந்தியவை எத்தனை என்று அந்தத் தெருவில் ஒரு நடை நடந்தால் தெரியும். கம்பைலர் கட்டளையில் ஒரு எண் கூடியது, அவ்வளவுதான். நல்ல நிலையில் ஓடும் பெட்டி ஒன்று அந்த வழங்கலைப் பொறுத்தவரை பழைய இரும்பாகிவிடுகிறது. மூலத்திலிருந்து கட்டுபவருக்கு அந்தப் படி பொருட்டில்லை.

தேவையில்லாததை வெளியே எடுப்பது பாதுகாப்பு என்ற வாதமும் உண்டு. 2014 ஏப்ரல் 7-இல் வெளியான ஹார்ட்பிளீட் ஓட்டை இதற்கு நல்ல சான்று. ஓபன்எஸ்எஸ்எல்லில் 'ஹார்ட்பீட்' என்ற, அநேகமாக யாரும் பயன்படுத்தாத ஒரு வசதியில் இருந்தது பிழை. உடனே புதுப்பிக்க முடியாதவர்கள் அந்த வசதியை அணைத்து மறுபடி கம்பைல் செய்துகொள்ளலாம் என்று அறிவிப்பிலேயே சொன்னார்கள். ஜென்டூவில் அதற்கென்று ஒரு யூஸ் ஃப்ளாக்கே இருந்தது. முன்பே அதை அணைத்து வைத்திருந்தவரை ஹார்ட்பிளீட் தொட்டிருக்காது. ஆனால் உண்மையைச் சொன்னால், ஹார்ட்பிளீடுக்கு முன்னால் அதை அணைக்க ஒருவருக்கு என்ன காரணம் இருந்திருக்கும்?

மூலத்திலிருந்து கட்டினாலே பத்திரம் என்று நினைத்தவர்களுக்கு 2024 மார்ச் 29 பாடமானது. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் கண்டுபிடித்தார். எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி தாமதமாவது ஏன் என்று தோண்டப் போய்க் கிடைத்தது அது. கதவை ஒளித்துவைத்திருந்தது கட்டும் நிரலில், அதாவது மூலப் பொட்டலத்தோடு வரும் செய்முறைக்குள்ளேயே. டெபியன், ரெட் ஹாட் வகைப் பொதியாகக் கட்டப்படுகிறதா என்று பார்த்து, அப்போது மட்டும் விழித்துக்கொள்ளும்படி அதைச் செய்திருந்தார்கள். ஜென்டூக்காரர்கள் தப்பினார்கள். தப்பியது அவர்கள் மூல நிரலைப் படித்ததால் இல்லை. குறிவைத்த கூட்டத்தில் அவர்கள் இல்லை, அதனால்.

இனி நான் சொல்ல வந்த இடம். கம்பைல் ஆப்ஷன்களின் பட்டியலை எடுத்து எவை இயல்பாக அணைந்திருக்கின்றன என்று பார்த்துக்கொண்டே போனால், அங்கே மறுபடி மறுபடி கண்ணில் படுவது மொழி.

பிஸிபாக்ஸை எடுத்துக்கொள்வோம். 1990-களின் நடுவில் புரூஸ் பெரன்ஸ் டெபியனை நிறுவும் ஒற்றை ஃப்ளாப்பிக்குள் எல்லாக் கருவிகளையும் அடக்க எழுதியது. இன்று வீட்டு ரூட்டர்களிலும் பலவகைச் சின்னப் பெட்டிகளிலும் குடியிருக்கிறது. அதைக் கட்டும்போது வரும் கேள்விகளில் ஒன்று, எந்த எண் வரைக்குமான யூனிகோடு எழுத்துகளைத் திரையில் காட்டலாம் என்பது. இயல்பான பதில் 767. அதற்கு மேல் எண் உள்ள எழுத்து வந்தால் கேள்விக்குறி போட்டுவிடும். 767-க்குள் லத்தீன் எழுத்தும் அதன் ஐரோப்பிய விரிவுகளும் அடங்கிவிடும். கிரேக்கம் 880-இல் தொடங்குகிறது, தேவநாகரி 2304-இல், தமிழ் 2944 முதல் 3071 வரை. காரணமும் அங்கேயே எழுதியிருக்கிறது: 767-ஓடு நிறுத்தினால் நிரல் சுமார் 700 பைட் சிறியதாகும். ஃப்ளாப்பிக் காலத்துச் சிக்கனம் என்று புரிந்துகொள்ளலாம், கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனாலும் அந்த 700 பைட்டுக்காகத் தமிழில் பெயரிட்ட கோப்பு வெறும் கேள்விக்குறி வரிசையாகிறது. நானே வைத்த பெயர் எனக்கே தெரியாது.

இது சின்னப் பெட்டியின் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. 2000-களின் நடுவில் லினக்ஸில் தமிழ் வலைப்பக்கம் படித்தவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸ் ஞாபகம் இருக்கும். எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் பாங்கோ லைப்ரரியோடு கட்டினால்தான் அதில் தமிழ் ஒழுங்காகத் தெரியும். மொசில்லா நேரடியாகத் தந்த கட்டமைப்பில் அது இல்லை. 'கொ' என்று எழுதினால் ககரம் முதலில், கொம்பு அடுத்து, கால் கடைசியில் என்று கழன்ற சக்கரம் மாதிரி கிடக்கும். ஃபெடோரா, உபுண்டு தம் பொதிகளில் பாங்கோவைச் சேர்த்தே கட்டின. உடனே ஆங்கிலம் மட்டும் படிப்பவர்களிடமிருந்து முறையீடு வந்தது, பக்கம் மெதுவாக வருகிறது என்று. பாங்கோவை அணைத்துவிட ஒரு சூழல் மாறியையும் கொடுத்தார்கள், அதை வேகத்துக்கான குறிப்பாக ஊரெல்லாம் பகிர்ந்தார்கள். ஒருவர் வேகத்துக்காக அணைத்தது இன்னொருவரின் எழுத்தை. 2008 ஜூனில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3-இல்தான் மொசில்லாவின் சொந்தக் கட்டமைப்பிலேயே இது தீர்ந்தது.

சர்வர் பக்கம் வந்தால் நோட்.ஜேஎஸ். 2019 அக்டோபரில் 13-ஆம் பதிப்பு வரும்வரை அதை இயல்பாகக் கட்டியது 'ஸ்மால் ஐசியு' என்ற ஆப்ஷனோடு. உலக மொழிகளின் நாள், மாதம், எண் வழக்குகளில் ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். தமிழில் தேதி கேட்டால் பிழைச் செய்திகூட வராது, மரியாதையாக ஆங்கிலத்தில் தரும். நம் நிரலில் தப்பா, நாம் கேட்டது தப்பா என்று ஒரு முழு மதியத்தைக் கரைத்துவிட்டு, கடைசியில் கட்டிய விதத்தில் இருக்கிறது காரணம் என்று கண்டுபிடித்தவர்கள் பலர்.

எனக்குப் பிடித்த உதாரணம் பிஎச்பி. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று அதைக் கேளுங்கள். எந்த ஆப்ஷனும் சேர்க்காமல் கட்டிய பிஎச்பி 15 என்று சொல்லும், அது பைட் கணக்கு. எம்பிஸ்ட்ரிங் வசதியோடு கட்டியிருந்தால் 5 என்ற விடையையும் பெறலாம், அது யூனிகோடு குறிகளின் கணக்கு. இன்ட்ல் நீட்சியைச் சேர்த்துக் கட்டியிருந்தால் 3 என்று சரியாகச் சொல்ல வைக்கலாம். த, மி, ழ். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை விரலில் எண்ணிச் சொல்லும் விடைக்குத் தனியாக ஓர் ஆப்ஷன் தேவைப்படுகிறது. அதுவும் கேட்டால்தான் வரும். ஒரு படிவத்தில் பெயர்க் கட்டம் தமிழ்ப் பெயரைப் பாதியில் வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

லிப்ரேஆபிஸின் மூலத்தை அப்படியே கட்டினால் அமெரிக்க ஆங்கிலம் மட்டும்தான் வரும். '-வித்-லாங்' ஆப்ஷனில் தமிழைக் கேட்டு வாங்க வேண்டும். ஜென்டூவில் 'எல்10என்' வரியில் தமிழின் இரண்டெழுத்துக் குறியை எழுதினால் அது தானாக நடக்கும். டெபியன்காரர்கள் எல்லா மொழிகளிலும் கட்டி, ஒவ்வொரு மொழியையும் தனிப் பொதியாக வைத்திருக்கிறார்கள். அதுவும் நல்ல வழிதான். வார்த்து வருவதெல்லாம் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. வார்ப்பவர் நம்மை நினைத்தாரா என்பதே கேள்வி. 'என்எல்எஸ்' என்ற ஃப்ளாக்கை அணைத்தால் இடம் மிச்சம் என்று ஜென்டூ வட்டாரத்தில் அந்தக் காலத்தில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். தாய்மொழிச் செய்திகளைத் தூக்கிப் போடுவதுதான் அதன் பொருள். ஒரு காலத்தில் நானும் அதை அணைத்து வைத்திருந்தேன், மெலிந்த கணினி என்று பெருமையாக.

பட்டினப்பாக்கத்திலிருந்து திரு.வி.க. பாலத்தைத் தாண்டிப் போனால் இந்தக் கேள்வியை அன்றாடம் கையாண்ட இடங்கள் அடுத்தடுத்து வரும். ஐ.ஐ.டி.க்குள் கஜேந்திர சர்க்கிள் பக்கம், விமானப் பொறியியல் துறையின் வகுப்பறை ஒன்றில் சென்னை லினக்ஸ் பயனர் குழு மாதமொரு சனிக்கிழமை கூடிவந்தது. ஃப்ரீபிஎஸ்டியா லினக்ஸா, கம்பைல் செய்வதா இறக்கி நிறுவுவதா என்ற சண்டைகளைச் சிரித்துக்கொண்டே போட்ட இடம் அது. அங்கிருந்து தரமணிப் பக்கம் போனால் சி-டாக். 2007 ஜனவரியில் பாஸ் லினக்ஸை வெளியிட்டது அதன் சென்னைப் பிரிவு. பாஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது, இந்திய மொழிகளின் எழுத்துருக்களும் தட்டச்சு முறைகளும் சேர்த்துக் கட்டியது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு அதுவும் பள்ளிப் பிள்ளைகளின் கைக்குப் போனது. எத்தனை பிள்ளைகள் அந்தப் பக்கம் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு. நான் கவனிப்பது ஒன்றைத்தான். பாஸும் வார்த்து வந்ததே. ஆனால் வார்த்த இடம் தரமணி, எந்த எழுத்து தெரிய வேண்டும் என்று யோசித்தவர்கள் அந்த எழுத்தைத் தினமும் படிப்பவர்கள்.

அதே ஐ.ஐ.டி.யில் வி. காமகோடி தலைமையில் உருவான சக்தி செயலிகள் இந்த யோசனையை இன்னும் அடியில் கொண்டுபோகின்றன. 2018-இல் இன்டெல்லின் 22 நானோமீட்டர் ஆலையில் வார்த்த முதல் சில்லு லினக்ஸை ஓட்டியது. அதே ஆண்டு சண்டிகர் ஆலையில் 180 நானோமீட்டரிலும் ஒன்று வந்தது. சக்தி ரிஸ்க்-வி கட்டளைத் தொகுப்பைப் பின்பற்றுவது. ரிஸ்க்-வியில் செயலியின் திறமே எழுத்து எழுத்தாகத்தான் வருகிறது. 'ஐ' அடிப்படை, 'எம்' பெருக்கலும் வகுத்தலும், 'எஃப்', 'டி' இரண்டும் தசமப் புள்ளிக் கணக்கு, 'சி' சுருக்கிய கட்டளைகள். எந்த எழுத்துகள் இருக்கின்றனவோ அவற்றை மட்டும் கம்பைலரிடம் சொல்ல வேண்டும், இல்லாததைச் சொன்னால் நிரல் ஓடாது. அந்தச் சில்லு பிறந்தபோது அதற்கென்று வார்த்து வைத்த பொதி என்று பெரிதாக எதுவும் இல்லை. மூலத்திலிருந்து கட்டியே ஆக வேண்டும். இன்னொரு வேடிக்கை, செயலியின் வடிவமைப்பே திறந்த மூலம்தான். தசமக் கணக்கு வேண்டுமா, உள் நினைவகம் எவ்வளவு என்று ஒரு கோப்பில் எழுதிவிட்டுச் செயலியையே கட்டலாம். டெபியன் தன் 2025 ஆகஸ்ட் பதிப்பில் ரிஸ்க்-வியை அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டது. அதுவரை இந்த வகைச் செயலிகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு, ஜென்டூ வைத்துக் காலத்தை வீணாக்கியதாக நண்பர்கள் சொன்ன அந்த ராத்திரிகள் கைகொடுத்தன.

ஜென்டூவே இன்று பாதி வழி இறங்கி வந்துவிட்டது. 2023 டிசம்பர் இறுதியில், கட்டி வைத்த பொதிகளையும் பெருமளவில் தரப்போவதாக அறிவித்தார்கள். நம் யூஸ் வரி அவர்களுடையதோடு ஒத்துப்போனால் இறக்கிக்கொள்ளலாம், ஒத்துப்போகாத இடத்தில் மட்டும் கட்டிக்கொள்ளலாம். நிக்ஸ், கிக்ஸ் ஆகியவை வேறு வழியில் அதே இடத்துக்கு வந்திருக்கின்றன. ஆப்ஷன் ஒன்று மாறினால் பொதியின் முகவரியே மாறும், பழசும் புதுசும் ஒன்றோடொன்று இடிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எனக்கு இந்தச் சமரசம் பிடித்திருக்கிறது. முழு ராத்திரியும் மிக்ஸி ஓட வேண்டியதில்லை. கை வைக்க வேண்டிய இரண்டு மூன்று இடத்தில் கை வைத்தால் போதும்.

அப்படிக் கை வைத்த ஓர் இடம். பழைய ரூட்டர் ஒன்றில் சொந்தமாகக் கட்டிய மென்பொருளை ஏற்றி, அதில் ஒரு பென் டிரைவைச் செருகி வைத்திருக்கிறேன். 'தமிழ்' என்ற பெயரில் அதில் ஒரு அடைவு. ரூட்டருக்குள் போய்ப் பட்டியல் கேட்டால் அந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து கேள்விக்குறிகள். பிஸிபாக்ஸின் அமைப்பில் 767-ஐ அடித்துவிட்டு, அதன் குறிப்பே பரிந்துரைக்கும் அடுத்த எண்ணான 4351-ஐ எழுதினேன். 2944 அதற்குள் அடங்கும். கட்டி ஏற்றிப் பார்த்தால் திரையில் 'தமிழ?' என்று வந்தது. த இருக்கிறது, மி இருக்கிறது, ழ இருக்கிறது, புள்ளி இருந்த இடத்தில் கேள்விக்குறி. தனக்கென அகலம் இல்லாத, இன்னொரு எழுத்தின் மேல் உட்காரும் குறிகளுக்கு அங்கே வேறொரு கேள்வி தனியாக இருக்கிறது, அதன் இயல்பான பதில் 'என்'. ஈகாரச் சுழிக்கும் அதே கதிதான். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியத்திலேயே சொல்லியாகிவிட்டது என்பது அந்தக் கோப்பை எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. 'என்'னை 'ஒய்' ஆக்கி மறுபடி கட்டினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.